எழுதிவைத்தவர்கள்



ஜெர்மனியில் ஹாலே நகரை ஒட்டி கிளௌகா என்றொரு ஏழைக் குடியிருப்பு இருந்தது. அங்கே போதகராக இருந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695-ஆம் ஆண்டு ஒரு நாள், அவர் வீட்டில் வைத்திருந்த காணிக்கைப் பெட்டியில் 4 தாலரும் 16 குரோஷனும் விழுந்திருந்தன. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அதையே முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குவது என்று பிராங்கே முடிவு செய்துவிட்டார். புத்தகங்கள் வாங்கினார். தினமும் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித்தர ஓர் ஏழை மாணவரை அமர்த்தினார். 27 புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். அவற்றில் திரும்பி வந்தவை நான்கே நான்கு. மற்ற புத்தகங்களோடு போன பிள்ளைகள் போனவர்கள்தான்.

பள்ளி அதோடு மூடப்படவில்லை. 1698-இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1727-இல் பிராங்கே இறந்தபோது அவருடைய பள்ளிகளில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தொலைந்த 23 புத்தகங்களைப் பற்றி இன்று பேச முடிகிறதென்றால், அதற்குக் காரணம் பிராங்கே அதை எழுதிவைத்ததுதான். எந்த நாளில் கையில் காசில்லாமல் போனது, யார் வழியாக உதவி வந்தது, எது கைகூடவில்லை என்பதையெல்லாம் பதிவு செய்து 1701 முதல் அவர் அச்சிட்டு வெளியிட்டார். இன்றும் உயிரோடிருக்கும் கடவுளின் அடிச்சுவடுகள் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டார். தொலைந்த புத்தகங்களை மறைத்துவிட்டு, எழும்பிய கட்டடத்தை மட்டும் காட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பதிவின் பலம் அங்கேதான் இருக்கிறது.

இன்று இந்த மேடையில் பேசப்படுவது அப்படி எழுதிவைத்தவர்களைப் பற்றியும், அவற்றைப் படித்துத் தங்கள் துன்ப நாளைக் கடந்தவர்களைப் பற்றியும்தான். கடவுள் முன்பு செய்த நன்மையை நினைத்துப் பலம் பெறுங்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த அறிவுரையைச் சொல்வது எளிது. துன்பம் வந்த நேரத்தில் நல்ல நினைவு ஏனோ எழுந்து வருவதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் கார்டன் பவர், மனநிலைக்கும் நினைவுக்கும் உள்ள உறவு பற்றி 1981-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சோர்ந்திருக்கும் மனத்துக்குச் சோர்வான நினைவுகளே எளிதில் அகப்படுகின்றன, மகிழ்ச்சியாக இருக்கும் மனத்துக்கு மகிழ்ச்சியானவை அகப்படுகின்றன என்பது அவர் கண்டது. அதாவது, நன்மையின் நினைவு மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது கைக்கு எட்டாமல் போகிறது. மனத்தை மட்டும் நம்பியிருப்பவர் அந்த நாளில் வெறுங்கையோடு நிற்பார்.

வேதாகமத்தைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. யோர்தான் நதியைக் கடந்த இஸ்ரவேலர் என்ன செய்தார்கள் என்று யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரம் சொல்கிறது. அறுவடைக் காலம், ஆறு கரைபுரண்டு ஓடும் பருவம். தண்ணீர் நின்று வழி பிறந்தது. மக்கள் கடந்த பின், கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் ஆற்றின் நடுவிலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வந்தார்கள். கில்காலில் அவை நாட்டப்பட்டன. பிற்காலத்தில் பிள்ளைகள் இந்தக் கற்கள் என்ன என்று கேட்டால் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது கட்டளை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிரே நின்ற எரிகோ நகரம் இன்னும் விழவில்லை. புதிய நாட்டில் போர்கள் இன்னும் தொடங்கவே இல்லை. வெற்றி விழா கொண்டாட நேரமிருந்த நாளில் அந்தக் கற்கள் நாட்டப்படவில்லை. கடினமான காலத்தின் வாசலில், அது தொடங்குவதற்கு முன்பே நாட்டப்பட்டன. அவை யாருக்காக? ஆற்றைக் கடக்காத, அதைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்காக.

77-ஆம் சங்கீதம் இதை இன்னும் நெருக்கத்தில் காட்டுகிறது. ஆசாபின் பெயரில் உள்ள அந்தப் பாட்டில் ஒரு மனிதர் இரவெல்லாம் உறங்காமல் தவிக்கிறார். ஆறுதல் சொன்னாலும் அவர் மனம் ஏற்கவில்லை. கடவுளின் இரக்கம் தீர்ந்துவிட்டதா, அவர் என்னை மறந்துவிட்டாரா என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறார். பாட்டின் நடுவே ஒரு திருப்பம் வருகிறது. கடவுளின் பழைய செயல்களை நினைப்பேன் என்று அவர் தீர்மானிக்கிறார். அப்படி நினைத்தது எதை? தம் வாழ்வில் நடந்த எதையும் அல்ல. பல தலைமுறைகளுக்கு முன் மோசேயும் ஆரோனும் மக்களை நடத்திச் சென்ற அந்தக் கடல்வழியை. பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அவருடைய துன்பம் தீர்ந்ததா, விடிந்ததும் நல்ல செய்தி வந்ததா என்று ஒரு சொல்கூட இல்லை. முன்னோரின் நினைவைப் பற்றிக்கொண்டு அந்த இரவைக் கடந்தார் என்பது மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது.

தாவீதுக்குச் சொந்த நினைவு இருந்தது. கோலியாத்தை எதிர்க்கப் போகுமுன், தான் ஆடு மேய்த்த நாளில் சிங்கத்திடமிருந்தும் கரடியிடமிருந்தும் தப்புவிக்கப்பட்டதைச் சவுலிடம் எடுத்துச் சொல்கிறார். ஆனால் இருபத்தொரு வயதில் எத்தனை பேருக்குச் சிங்கமும் கரடியும் கணக்கில் இருக்கும்? இன்று பட்டம் பெறுவோரில் சிலர் இதற்குள்ளேயே பெரும் துயரங்களைப் பார்த்திருப்பார்கள். பலர் இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு இரவல் நினைவு வேண்டியிருக்கிறது.

மறுபடியும் ஹாலேக்கு வருவோம். அங்கே படித்த பார்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலையில் மிஷனரியாகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் பட்ட பாடு தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்ததே. 1708-இல் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் கப்பலேறி 1713-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. 1719-இல், 36 வயதில் அவர் இறந்தார். இங்கிருந்து அவரும் உடன் ஊழியர்களும் எழுதிய கடிதங்களை 1710 முதல் ஹாலேயில் அச்சிட்டு வெளியிட்டார்கள்.

அந்தக் கடிதங்கள் எங்கெல்லாம் போயின என்பதற்கு ஒரு சான்று. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் ஒரு போதகரின் வீடு. பிள்ளைகள் நிறைந்த வீடு, கடன் தொல்லை தீராத வீடு. 1709-இல் தீக்கிரையான வீடும்கூட. அந்த வீட்டுத் தலைவி சுசன்னா வெஸ்லி, தரங்கம்பாடி ஊழியர்களைப் பற்றிய ஆங்கிலப் பதிப்பைப் படித்தார். அது தன்னை உலுக்கிவிட்டதாக 1712-இல் தம் கணவருக்கு எழுதினார். அதன்பின் வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜான் வெஸ்லி. அப்போது எட்டு வயது. சோழமண்டலக் கரையில் எழுதப்பட்டது ஓர் ஆங்கிலத் தாய்க்குத் தெம்பு கொடுத்தது. இந்தச் செய்தி நம் பாடநூல்களில் இடம்பெறத் தகுதியானது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அதே ஹாலேயின் பல்கலைக்கழகத்துக்கு ஜார்ஜ் முல்லர் என்ற இளைஞர் இறையியல் படிக்க வந்தார். பொய், களவு, கடன், குடி என்று இளமையை வீணடித்தவர். தம் பதினாறாவது வயதிலேயே சிறை பார்த்தவர். 1825-இல் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் மனம் மாறினார். வசதியில்லாத இறையியல் மாணவர்களுக்குப் பிராங்கேயின் அநாதை இல்லத்தில் இலவசமாகத் தங்க இடம் கொடுத்தார்கள். முல்லர் அங்கே இரண்டு மாதம் தங்கினார். அப்போது அது அவர் மனத்தில் பெரிதாகப் பதிந்ததாகத் தெரியவில்லை.

1832-இல் அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குப் போதகராக வந்தார். அந்த ஆண்டு அங்கே காலரா பரவி மக்கள் மடிந்தார்கள். 1835 ஜூனில் அவருடைய கைக்குழந்தை எலியா இறந்துபோனான். அதே ஆண்டு நவம்பரில், தேநீர் அருந்தப் போயிருந்த ஒரு வீட்டில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாறு அவர் கண்ணில் பட்டது. மகனைப் புதைத்து ஐந்து மாதம் ஆகியிருந்த ஒரு தகப்பன், 108 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவரின் வரலாற்றைப் படிக்கிறார். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கும் எண்ணம் அப்போதுதான் அவருக்குள் உறுதிப்பட்டது.

அவர் சொன்ன காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். பிள்ளைகளின் நலன் அவருக்கு முக்கியம்தான். ஆனால் முதல் காரணம் வேறு. பிரிஸ்டலில் அவர் நாள்தோறும் சந்தித்த மனிதர்கள் பயந்து வாழ்ந்தார்கள். முதுமையில் ஏழைகள் விடுதிக்குப் போக நேருமோ என்று வயதானவர்கள் நடுங்கினார்கள். தொழில் படுத்துவிடுமோ என்று வியாபாரிகள் உடம்பு கெடும் அளவுக்கு உழைத்தார்கள். கடவுள் முன்பு உண்மையுள்ளவராக இருந்தார், இன்றைக்கு எப்படியோ என்பதே அவர்கள் பேச்சு. அவர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஒன்றை எழுப்பிக் காட்ட வேண்டும் என்று முல்லர் விரும்பினார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஜெபத்தில் மட்டும் கேட்பது என்பது நிபந்தனை. 1835 டிசம்பர் 9-ஆம் தேதி நடந்த பொதுக்கூட்டத்தில் காணிக்கை எடுக்கவில்லை. கூட்டம் முடிந்த பின் ஒருவர் பத்து ஷில்லிங் கொடுத்தார். ஒரு பெண் தம்மையே ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார். 1836 ஏப்ரல் 11-இல் வில்சன் தெருவில் முதல் இல்லம் திறந்தது.

சோதனை 1838-இல் வந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பணம் அடியோடு தீர்ந்தது. காலையில் பிள்ளைகளுக்கு உணவு உண்டு, மாலைக்கு வழி தெரியவில்லை என்ற நிலை பலமுறை. முல்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் தங்களிடம் இருந்த பொருள்களை விற்றுக் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-ஆம் தேதிக் குறிப்பு மனத்தை அசைப்பது. இனி விற்க ஒன்றுமில்லை என்ற நேரத்தில், லண்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி தம் மகள் கொடுத்தனுப்பிய பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பிரிஸ்டலுக்கு வந்து சில நாள் ஆகியிருந்தது. தங்கியிருந்தது பையன்கள் இல்லத்துக்கு அடுத்த வீட்டில். இவர்கள் கண்ணீரோடு ஜெபித்த நாள்களிலெல்லாம் அந்தப் பணம் ஒரு சுவர் தள்ளி இருந்திருக்கிறது.

முல்லர் அதையும் எழுதினார். வந்த ஒவ்வொரு காசையும் தேதியோடு, தொகையோடு, கொடுத்தவர் பெயரை மறைத்து எழுதினார். வராத நாள்களையும் எழுதினார். நாட்குறிப்பிலிருந்து தொகுத்து 1837 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். இந்தப் பதிவை அவர் எவ்வளவு மரியாதையோடு நடத்தினார் என்பதற்கு 1841 டிசம்பர் சாட்சி. ஆண்டறிக்கை வெளியிட்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டிய நேரம். கையில் பணமில்லை. அந்த நேரத்தில் அறிக்கை வெளிவந்தால் மறைமுகமாகப் பிச்சை கேட்டதுபோல் ஆகிவிடும் என்று கூட்டத்தைச் சில மாதம் தள்ளிவைத்துவிட்டார். கடவுள் செய்த நன்மையைச் சொல்வதை வசூலுக்கு வழியாக்கக்கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. நம் காலத்துச் சாட்சி மேடைகள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

1849-இல் ஆஷ்லி டவுன் குன்றின் மேல் 300 பிள்ளைகளுக்கான முதல் கட்டடம் எழும்பியது. 1870-க்குள் ஐந்து கட்டடங்கள். 2,050 பிள்ளைகளுக்கு இடம். முல்லர் 1898 மார்ச் 10-இல், 92 வயதில் இறந்தார். அவர் கை வழியாகப் போன பணம் ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு. வீட்டுச் சாமான்களையும் சேர்த்து அவர் விட்டுப்போன சொத்து 200 பவுண்டுக்கும் குறைவு.

இந்தக் கதையை இங்கேயே முடித்தால் அது வெற்றிக் கதையாகிவிடும். அது நியாயமாகாது. முல்லரின் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸிட்டர் நகரில் பல் மருத்துவராக நல்ல வருமானத்தோடு இருந்தவர். எல்லாவற்றையும் விட்டு 1829-இல் ஊழியத்துக்காகப் பாக்தாத் போனார். 1831-இல் அங்கே கொள்ளைநோயும் வெள்ளமும் சேர்ந்து வந்தன. அவர் மனைவி இறந்தார். பின்னால் கைக்குழந்தையும் இறந்தது. 1833-இல் இந்தியா வந்து, பிறகு சித்தூரில் தங்கி வேலை செய்தார். ஊழியத்துக்குச் சொந்தக் காலில் நிற்க வழி தேடிப் பட்டுப்புழு வளர்ப்பில் இறங்கியதில் பெரும் இழப்பு. 1853 மே மாதம், பிரிஸ்டலில் முல்லரின் வீட்டில் அவர் இறந்தார். தம் வேலையில் பெரிதாகப் பலன் ஏதும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவரோடு பழகியவர் நம்மூர்க்காரர், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-இல் திருநெல்வேலிச் சீமையின் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். குரோவ்ஸைப் பார்த்து, சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்று முடிவெடுத்தார். 1840-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உருவாக்கினார். அவரும் நாட்குறிப்பு எழுதினார். அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் உண்டான எழுப்புதல் என்னும் பக்தி எழுச்சி பற்றிய செய்தியைப் படித்து, இங்கேயும் நடக்கட்டும் என்று ஜெபித்தார். 1860-இல் திருநெல்வேலிப் பகுதியில் பெரிய எழுப்புதல் எழுந்தது. குரோவ்ஸ் இறந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அருளப்பனின் நாட்குறிப்பு பிற்காலத்தில் ஆங்கிலத்தில் நூலாகி, இந்தியாவைப் பார்க்காதவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில், யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற அதே வழியில் நடந்தவர் மிஷனரி ஏமி கார்மைக்கேல். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து காலொடிந்தார். அதன்பின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான் வாழ்க்கை. விழுந்த மறு ஆண்டில் அவருடைய கோல்ட் கார்ட் என்ற நூல் வெளிவந்தது. அது டோனாவூரின் கதை; அதுவரை நடத்தப்பட்ட வழியின் வரலாறு. அதன்பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் அந்த அறையிலிருந்து வந்தன. அவர் நலமாகி எழுந்து நடமாடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும் அது நடக்கவில்லை.

நினைவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று இளைஞர்களிடம் யாரும் சொல்லக்கூடாது. முல்லரின் மகன் திரும்பி வரவில்லை. குரோவ்ஸின் பட்டுத்தொழில் பிழைக்கவில்லை. கடவுள் முன்பு உதவினார் என்பது, இந்த முறையும் நாம் கேட்ட வடிவத்திலேயே உதவி வரும் என்பதற்கு உத்தரவாதப் பத்திரம் ஆகாது. இவர்கள் எழுதிவைத்ததில் வரவும் இருந்தது, செலவும் இருந்தது. அதனால்தான் அதைப் பிறர் நம்பினார்கள். இழப்பை ஒளித்து எழுதப்பட்ட நன்றியைத் துன்பத்தில் இருப்பவர் ஒரு பக்கம் படித்துவிட்டு மூடிவிடுவார். இழந்தவரே எழுதிய நன்றியை அவர் கடைசிவரை படிப்பார்.

இன்னொன்றையும் இந்த வரலாறு காட்டுகிறது. பழைய நன்மையை நினைத்த இவர்களில் ஒருவரும் கைகட்டி உட்காரவில்லை. முல்லர் பிராங்கேயைப் படித்துவிட்டு வாடகைக்கு வீடு தேடினார். அருளப்பன் ஊர் ஒன்றை எழுப்பினார். சுசன்னா வெஸ்லி பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.

இந்த அரங்கில் பல சமயத்தவர் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு வரலாறு இருக்கும். இக்கட்டான நாளில் உதவி வந்த விதத்தைப் பாட்டி சொல்லியிருப்பார். அல்லது சொல்ல நேரம் வாய்க்காமல் மனத்திலேயே வைத்திருப்பார். அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

ஆகவே, பட்டம் பெறும் அன்பர்களே, உங்களிடம் கேட்பது ஒரே ஒரு காரியம். இன்று மாலை புகைப்படங்கள் எடுத்து முடித்து, வீட்டுக்குப் போன பிறகு, அப்பா அம்மாவின் அருகில் உட்காருங்கள். கல்லூரிக் கட்டணம் ஒவ்வொரு பருவத்துக்கும் எப்படிக் கட்டப்பட்டது என்று கேளுங்கள். எந்த நகை அடகுக்குப் போனது, எந்தச் சித்தப்பா கேட்காமலே கொடுத்தார், எந்த இரவில் வீட்டில் ஜெபம் மட்டுமே மிஞ்சியிருந்தது என்று கேளுங்கள். கிடைக்காமல் போனவற்றையும் கேளுங்கள். அவர்கள் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடும் தொகையோடும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வேலை கிடைக்காத மாதங்களில் அதை நீங்கள் படிப்பீர்கள். பிறகு உங்கள் பிள்ளைகள் படிப்பார்கள்.